சாரிட்டி ஓட்டம்: எங்கே வலிக்கிறது, எதைப் பார்ப்பது, எப்போது டாக்டர்

டிசம்பர் நெருங்கினால் கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் புது ஷூக்கள் கூடிவிடும். கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட 2013-ல் தொடங்கிய மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள். அலுவலகத்தில் யாரோ சேர்த்துவிட்டதால் வருபவர்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்கு வந்த நோய்க்காக வருபவர்கள் உண்டு. பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிறகு இப்போதுதான் ஓடுகிறேன் என்பவர்கள் நிறைய. இவர்களோடு சேர்ந்து ஓடுவதும், அந்த நாளில் முதலுதவிக் கூடாரத்தில் நிற்பதுமாக இருப்பதால், என்னிடம் வரும் கேள்விகள் வருஷத்துக்கு வருஷம் அதேதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடி, அதன் கீழ் முதல் காரணத்திலிருந்து வரிசையாகப் பார்த்துவாருங்கள். காசு செலவில்லாதது முதலில், ஸ்கேன் கடைசியில்.

அதற்கு முன் ஒன்று. இந்த ஓட்டங்களில் நான் பார்க்கும் பெரிய காயங்களில் பலவற்றுக்கு, "பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது" என்ற நினைப்புதான் காரணம். வலிக்கிறது என்று தெரிந்தும் நிறுத்துவதில்லை. நன்கொடை ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் நொண்டி நொண்டி முடிப்பதால் அதில் ஒரு ரூபாய் கூடப்போவதில்லை. உலகமெங்கும் நடக்கிற, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்திருக்கிற டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் யாருடைய பெயரில் நடக்கிறதோ, அந்தக் கனடா இளைஞரே பாதியில் நிறுத்தியவர்தான். ஒற்றைச் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கி.மீ. ஓடியவர், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் 1980 செப்டம்பர் 1 அன்று நின்றார். நிதி நிற்கவில்லை, அடுத்த பிப்ரவரிக்குள் 2.4 கோடி கனடா டாலர் சேர்ந்தது. நடந்து முடிக்கலாம். முடிக்காமல் திரும்பலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதையும் சோதிக்காமல் உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சில் அழுத்தம், கனம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம். இதில் வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது. உட்கார வையுங்கள், 108-ஐ அழையுங்கள். "கேஸ்தான், ஒரு சோடா குடித்தால் போய்விடும்" என்று சொல்ல யாராவது பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். விழுந்தவர் அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள்.

பேச்சு குழறுகிறது, தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார், உடம்பு கொதிக்கிறது. வெப்பத்தாக்கு. வியர்வை நின்றிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுவதால் வருகிற வெப்பத்தாக்கில் சட்டை நனைந்து சொட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் இதைக் காட்டாது, நம்பாதீர்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். தொட்டியோ பெரிய டிரம்மோ இருந்தால் ஐஸ் போட்ட தண்ணீரில் கழுத்துவரை இறக்குங்கள். தலையைத் தாங்கிப் பிடித்திருக்க ஒருவர் வேண்டும். இல்லையென்றால் ஈரத்துணியால் உடம்பு முழுக்கப் போர்த்தி, விசிறி, துணியை அடிக்கடி மாற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

குழப்பம், வாந்தி, தலைவலி; ஆனால் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தவர். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு இந்தக் குறைவு இருந்தது. இவருக்கு இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. மருத்துவமனைக்கு அனுப்புங்கள், கூடப் போகிறவர் "நிறையத் தண்ணீர் குடித்தார்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். 5 கி.மீ. ஓட்டத்தில் இது அபூர்வம். நான்கைந்து மணி நேரம் வெயிலில் நடந்தும் ஓடியும் 21 கி.மீ. முடிப்பவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

## பயிற்சி வாரங்களில்

### அறிகுறி: 500 மீட்டருக்கு மேல் ஓட முடியவில்லை, மூச்சு வாங்குகிறது

பத்தில் ஒன்பது பேருக்கு வேகம்தான் காரணம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப்பாருங்கள். நடுவில் மூச்சுக்காக நிறுத்தினால் வேகம் அதிகம். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம் என்று வெட்கப்படும் அளவுக்குக் குறையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஓடும் பங்கை மெல்ல மெல்லக் கூட்டினால், எட்டு வாரத்தில் இந்த முறையிலேயே பெரும்பாலானவர்கள் 5 கி.மீ. வந்துவிடுகிறார்கள்.

வேகம் குறைத்து மூன்று வாரமாகியும் மாற்றமில்லையா? நீங்கள் பெண்ணாக இருந்தால் அடுத்து ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாடிப்படி ஏறினாலே படபடப்பு, முடி கொட்டுதல், மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று கூடவே இருந்தால் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். எந்த லேபிலும் செய்யக்கூடிய சின்னப் பரிசோதனை. மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், அவர் சொன்ன காலம் வரை சாப்பிடுங்கள். "உனக்குப் பழக்கமில்லை, அதான் மூச்சு வாங்குது" என்று வீட்டில் சொல்வதை நம்பி மாதக்கணக்கில் தன்னையே நொந்துகொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். இரும்புச் சத்து ஏறியதும் அவர்கள் ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

ஓடி முடித்த பிறகு இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம், நுரையீரல் டாக்டரிடம் போங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். பெயர் கொடுக்கும் முன்பே ஒரு டாக்டரைப் பார்த்து, தேவையென்றால் ஈ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

### அறிகுறி: முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் வலி

புதிதாக ஓடுபவர்கள் எங்களிடம் அதிகம் சொல்வது இதைத்தான். இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கும் காலை எதிரே ஸ்டூலில் நீட்டுங்கள். கட்டைவிரலால் முன்னெலும்பின் உட்பக்க ஓரத்தைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, ஒரு விரல்கடை தள்ளித் தள்ளி அழுத்திக்கொண்டே வாருங்கள்.

*ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலிக்கிறது, ஓடத் தொடங்கும்போது அதிகம், சூடேறியதும் குறைகிறது:* எலும்பை ஒட்டிய சதையின் அழற்சி. காரணங்களை வரிசையாகப் பாருங்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் தூரம் சட்டென்று கூடியதா? சிமெண்ட் தரையில் ஓடுகிறீர்களா? ஷூ பழசா? ஓடும் ஷூவின் ஆயுள் சுமார் 500 முதல் 800 கி.மீ. அலமாரியில் நாலு வருஷமாகக் கிடந்த ஷூவை எடுத்துவருபவர்கள் அதன் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப்பாருங்கள். கல்மாதிரி இருந்தால் அது வேலைக்காகாது. ஒரு வாரம் ஓட்டத்தை விட்டு நடை, சைக்கிள். வலித்த இடத்தில் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். பிறகு பாதித் தூரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள், மண்தரை கிடைத்தால் நல்லது.

*ஒரே புள்ளியில், விரல் நுனியால் காட்டும்படி சுரீர் என்கிறது. ஓட ஓட அதிகமாகிறது. ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது:* எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள், ஆர்த்தோ டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே எதையும் காட்டாமல் போகலாம். எக்ஸ்ரே நார்மல் என்று சந்தோஷப்பட்டு ஓடப்போய் எலும்பு முழுசாக உடைந்தவர்கள் உண்டு. டாக்டர் எம்.ஆர்.ஐ. சொன்னால் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு என்றால் இந்த வருஷ ஓட்டம் இல்லை. தண்ணீர் மேஜையில் நிற்கவும் ஆள் வேண்டும், அங்கே வாருங்கள்.

### அறிகுறி: முட்டி வலி

படி இறங்கும்போதும், ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் முட்டிச்சில்லைச் சுற்றி வலித்தால் ஒரு வகை. முட்டியின் வெளிப்பக்கத்தில், ஓடத் தொடங்கி ஏறக்குறைய அதே தூரத்தில் தினமும் வலி ஆரம்பித்தால் இன்னொரு வகை. வீட்டில் செய்யக்கூடியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

தூரத்தைப் பாதியாக்குங்கள். ரேஸ்கோர்ஸைச் சுற்றி எப்போதும் ஒரே திசையில் ஓடுபவர் திசையை மாற்றுங்கள். தார்ச்சாலையின் ஓரச் சரிவில் ஓடுபவர் சமதளத்துக்கு வாருங்கள். பிறகு கண்ணாடி முன் நின்று, ஒற்றைக்காலில் மெதுவாக முட்டியைப் பாதி மடக்கிப் பாருங்கள். முட்டி உட்பக்கம் சாய்கிறதென்றால் இடுப்புச் சதைக்கும் தொடைக்கும் பலமில்லை. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, இந்த இரண்டையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். மூன்று வாரத்தில் தெரியும். தெரியாவிட்டால் பிசியோதெரபிஸ்ட், இரண்டு மூன்று அமர்வுகளில் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் தொடரலாம். முட்டி வீங்கினால், பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டால், நடக்கும்போது திடீரென்று முட்டி மடங்கிக்கொண்டால் பிசியோவைத் தாண்டி நேராக ஆர்த்தோ டாக்டர்தான்.

நீ-கேப் (முட்டி உறை) போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்கிறார்கள். போட்டால் தெம்பாக இருக்கும், காரணம் அப்படியே இருக்கும்.

### அறிகுறி: காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீர்

நாலைந்து அடி நடந்ததும் குறைந்துவிடும், மறுநாள் காலை மறுபடி வரும். உள்ளங்கால் நாரின் வலி. வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்துங்கள், மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்கென்று வையுங்கள். சமையலறையில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு இதுவே பாதி மருந்து. படுக்கையை விட்டு இறங்குமுன் காலை நீட்டி, துண்டைப் பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுத்து அரை நிமிடம், மூன்று தடவை. மாலையில் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து உள்ளங்காலடியில் உருட்டுங்கள். இது மாதக்கணக்கில் மெதுவாக ஆறும். ஊசி போட்டுச் சீக்கிரம் சரிசெய்யச் சொல்லி டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தாலோ, இரண்டு குதிகாலும் சேர்ந்து வலித்து விரல் மூட்டுகளிலும் வலி இருந்தாலோ வேறு காரணம் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

### அறிகுறி: பெருவிரல் நகம் இடிக்கிறது

ஷூ சின்னது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு வாங்குங்கள். நீளமான விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் வேண்டும். நகத்தை ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

## ஓட்ட நாளில்

### அறிகுறி: காலையிலிருந்தே வயிறு சரியில்லை

பாதி பதற்றம், பாதி முந்தின ராத்திரி சாப்பாடு. டீமோடு சேர்ந்து ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு விடியற்காலை ஓட வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அடுத்த வருஷமாவது ராத்திரி எட்டு மணிக்குள் ரசம் சாதம், தயிர் சாதம் என்று முடியுங்கள் என்பதுதான். ஓட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். காபி பழக்கமானவர்கள் குடிக்கலாம். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் அன்று சாப்பிடாதீர்கள், இலவசமாகக் கொடுக்கும் எனர்ஜி ஜெல் உட்பட. வாந்தியோ பேதியோ காய்ச்சலோ இருந்தால் அன்று ஓட்டமே வேண்டாம்.

வலி வருமோ என்று ஓட்டத்துக்கு முன் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் போடாதீர்கள். வியர்வையில் தண்ணீர் இழந்த உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், காயம் வலிக்காமல் மறைந்தும்போகும்.

### அறிகுறி: ஓடும்போது விலாவில் குத்து

வேகத்தைக் குறையுங்கள். குத்தும் இடத்தை இரண்டு விரலால் அழுத்தி, வாயைக் குவித்து மூச்சை நீளமாக விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். ஓட்டத்துக்குச் சற்று முன் ஜூஸ் குடித்தவர்களுக்கு அதிகம் வரும். நடந்தும் போகாவிட்டால், நெஞ்சுக்கு ஏறினால், மேலே முதல் பகுதிக்குப் போங்கள்.

### அறிகுறி: கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது

பிடித்தவரைத் தரையில் உட்காரவையுங்கள். முட்டியை நேராக வைத்து, பாதத்தை உங்கள் உள்ளங்கையால் அவர் முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளி அப்படியே பிடித்திருங்கள். வெட்டி இழுக்கக் கூடாது. உங்கள் கைக்கடியில் சதை கட்டியாக இருந்து தளர்வது தெரியும், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஆகும். பிறகு நடை மட்டும்.

பயிற்சியில் ஓடியதைவிட வேகமாகவோ அதிகத் தூரமோ போனதுதான் பெரும்பாலும் காரணம். கூட்டத்தோடு, டிரம்ஸ் சத்தத்தோடு கிளம்பும்போது முதல் கிலோமீட்டர் எல்லோருக்கும் வேகமாகத்தான் போகும், கடிகாரத்தைப் பாருங்கள். உடுப்பில் வெள்ளை உப்புக்கறை படிந்தவர்கள் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம். உலக சுகாதார நிறுவனப் பார்முலா என்று அச்சிட்ட பொடி பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். அரை பாட்டிலில் முழு பாக்கெட்டைக் கொட்டக் கூடாது. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வந்த இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பார்முலாவுக்குப் பொருந்தாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் உத்தரவிட்டது. மற்றபடி தாகத்துக்குத் தண்ணீர், மோர் போதும்.

பிடிப்பு என்று நினைத்தது "டப்" என்று பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் வந்திருந்தால், நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால், குதிகால் நாண் அறுந்திருக்கலாம். இழுத்து நீட்டாதீர்கள். அன்றே மருத்துவமனை.

### அறிகுறி: தொடை இடுக்கு, அக்குள், மார்க்காம்பு உரசி எரிகிறது

முந்தின நாள் பையில் கொடுத்த புது டி-சர்ட்டைத் துவைக்காமல் போட்டதுதான் காரணம், எப்போதும் இதேதான். அந்தச் சட்டையைப் போட்டு ஓட ஆசையாக இருக்கும், அது நியாயமான ஆசை. அன்றே துவைத்துக் காயவையுங்கள், தையல் உரசும் இடமெல்லாம் வாசலின் தடவுங்கள். ஆண்கள் மார்க்காம்பில் மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். பருத்திச் சட்டையாக இருந்தால் உள்ளே உடம்போடு ஒட்டிய, வியர்வை சீக்கிரம் உலரும் பழைய டிரை-ஃபிட் பனியன் ஒன்று.

### அறிகுறி: பாதத்தில் கொப்புளம்

சின்னதாக, வலிக்காமல் இருந்தால் உடைக்காதீர்கள், மேலே மைக்ரோபோர் ஒட்டுங்கள். காலை ஊன்றவே முடியாத அளவுக்குப் பெரிதென்றால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, கொப்புளத்தின் அடியோரத்தில் இரண்டு இடத்தில் குத்துங்கள். சுத்தமான பஞ்சால் மெல்ல அழுத்தினால் நீர் வடியும். மேல்தோலைப் பிய்க்கவே கூடாது. அடியில் புதுத்தோல் வளரும்வரை அதுதான் கட்டு. மேலே மருந்து, துணிக்கட்டு. சர்க்கரை நோயாளிகள் இதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம், சின்னக் கொப்புளமானாலும் டாக்டர் பார்க்கட்டும். சிவப்பு பரவினாலும் சீழ் வைத்தாலும் மற்றவர்களுக்கும் அதேதான்.

### அறிகுறி: கணுக்கால் பிரண்டுவிட்டது

ஷூவைக் கழற்றி, நாலு அடி நடந்து பாருங்கள். நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா? கணுக்கால் மொட்டு எலும்பின் பின்னோரத்திலும் அடிநுனியிலும் அழுத்தினால் வலியில்லையா? இரண்டுக்கும் ஆமென்றால் உடைந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி ஓய்வு. இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். எண்ணெய் போட்டு நீவிவிடுவதை முதல் மூன்று நாள் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

### அறிகுறி: முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கண் இருட்டுகிறது

சட்டென்று நின்றதால் ரத்தம் காலில் தேங்கிவிட்டது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப்பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிவார். பெயர், ஊர் கேட்டால் சரியாகச் சொல்வார். படுத்தும் தெளியாவிட்டால் இது அந்த மயக்கமில்லை, முதல் பகுதியைப் பாருங்கள். செல்ஃபிக்கு நிற்பதை ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டு நடந்துகொண்டே இருந்தால் இது வராது.

## மறுநாள் முதல்

### அறிகுறி: படி இறங்க முடியவில்லை, தொடையெல்லாம் வலி

இரண்டு தொடையும் ஒரேமாதிரி, தொட்டால் வலி, அசைந்தால் குறைவு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள். படுத்தே கிடக்காமல் காலை, மாலை 15 நிமிடம் மெல்ல நடந்தால் சீக்கிரம் விடும். வெந்நீர்க் குளியல் இதமாக இருக்கும். முட்டை, சுண்டல், பருப்பு, தயிர் கூடுதலாகச் சாப்பிடுங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள், இந்த வலிக்கு அதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. முதல் நாளே அழுத்தி மசாஜ் வேண்டாம். தாங்கமுடியாவிட்டால் பாராசிட்டமால்.

ஐந்தாம் நாளும் குறையாவிட்டால், ஒரு காலில் மட்டும் ஓரிடத்தில் என்றால், தசை கிழிந்திருக்கலாம். பிசியோ.

### அறிகுறி: சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போகிறது

அடர்மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. குடித்த சில மணி நேரத்தில் வெளுக்கும். பழுப்பு, கறுப்பு டீ, கோலா நிறமென்றால் சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. கூடவே தசை வீங்கி, தாங்கமுடியாத வலியும் இருக்கலாம். இதற்கு மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது, அன்றே மருத்துவமனை. தசைச் சிதைவுக்கு சி.பி.கே., சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். வலி மாத்திரை எதாவது போட்டிருந்தால் சொல்லுங்கள்.

### அறிகுறி: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது

இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் டேப்பால் அளந்து பாருங்கள். ஒன்று தெளிவாகப் பருத்திருந்தால், அதிலும் ஓட்டம் முடிந்து ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஊர் திரும்பியவரென்றால், ரத்தக்கட்டி இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்க்க வேண்டும். நீவக் கூடாது. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108.

### அறிகுறி: இரண்டாம் நாள் காய்ச்சல்

ஓடிய அலுப்பில் லேசாக உடம்பு கதகதப்பது வேறு. ஓட்டம் 101, 102 டிகிரி காய்ச்சலைக் கொடுக்காது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம் டெங்குக் காலமும்தான், பெரிய ஓட்டங்கள் அதை ஒட்டியே வருகின்றன. மேல்வலி, கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி என்றால் "ஓடினதால வந்தது" என்று மூன்று நாள் போக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காரணம் தெரியும்வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரை கூடாது, டெங்குவில் ரத்தக்கசிவு வரலாம். வெறும் மூக்கொழுகல் என்றால் ஓய்வு போதும்.

### அறிகுறி: நகம் கறுத்துவிட்டது

வலிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அடியில் புது நகம் தள்ளித் தானே விழும், மாதங்கள் ஆகும். ராத்திரி தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறித்தால் அன்றோ மறுநாளோ டாக்டரிடம் போனால் நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றுவார், உடனே நிம்மதி.

### அறிகுறி: எல்லாம் சரியாகிவிட்டது, மறுபடி ஓடலாமா

5 கி.மீ. ஓடியவர் மூன்று நாலு நாளில், 10 கி.மீ. என்றால் ஒரு வாரத்தில், 21 என்றால் இரண்டு வாரத்தில் மெதுவாகத் தொடங்கலாம். நாள் கணக்கைவிட உடம்பைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. கைப்பிடி தொடாமல் படி இறங்குங்கள். ஒவ்வொரு காலிலும் பத்துத் தடவை நொண்டியடியுங்கள். காலையில் முதல் அடியில் குதிகால் வலிக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் வலியில்லாமல் முடிந்தால் 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். எதாவது ஒன்றில் வலித்தால் இரண்டு நாள் நடந்துவிட்டு மறுபடி இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.